இரண்டு மணிக்குள் எட்டாயிரம்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வாய் கூடிப்போகும். அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குள் நான் ஒன்பது ஜோக் அடித்திருந்தேன். ஒன்றுக்கும் யாரும் சிரிக்கவில்லை. நான் எந்த அளவுக்கு நடுங்கிக்கொண்டிருந்தேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் பெயர் வேதகிரி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில் 'தாமோதரன், துப்பறிவாளர்' என்று ஒரு போர்டு தொங்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'உதவியாளர்' என்று இருக்கும். அந்த உதவியாளர் நான்தான். பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டதால் என் பெயரை சார் விட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷம் தந்தி ஆபீசில் தந்தி அடிக்கிற சாவியைத் தட்டிவிட்டு வந்த மனுஷர். ஒவ்வொரு எழுத்துக்கும் காசு என்கிற புத்தி அவர் ரத்தத்திலேயே ஊறிவிட்டது.

1981, மாசி மாசம், ஒரு புதன்கிழமை. பதினொன்றரை மணிக்கு பாங்க் பியூன் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்து, மேனேஜர் கையோடு அழைத்துவரச் சொன்னதாகச் சொன்னான். மேனேஜர் முத்துகிருஷ்ணன், எங்கள் சாருக்கு நெடுநாள் சிநேகிதர். லேசில் பதறாத ஆள். அவர் பதறுகிறார் என்றதும் என் முதல் ஜோக் வந்துவிட்டது. அது இங்கே வேண்டாம்.

மேனேஜர் அறையில் நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்திருந்தாள் ஒரு அம்மாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். பெயர் பாஞ்சாலி, ஊர் சாலவாக்கம். கையில் ஒரு தந்தியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். யார் கேட்டாலும் கொடுப்பாள், அவர்கள் படித்து முடிப்பதற்குள் திரும்பப் பிடுங்கிக்கொள்வாள். அவள் தம்பி வரதன் சுவரில் சாய்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

சாலவாக்கத்தில் தந்தி வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தந்திக்காரரின் சைக்கிள் தெருவில் திரும்பும்போதே நாலு வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். உறையைப் பிரிக்கிற வரைக்கும் யாரும் பொறுப்பதில்லை. பாஞ்சாலியும் காலை எட்டு மணிக்கு அப்படித்தான் மாரில் அடித்துக்கொண்டு வாசலில் விழுந்திருக்கிறாள். அப்புறம்தான் வரதன் ஓடிவந்து படித்துச் சொல்லியிருக்கிறான்.

பம்பாயில் லேத் பட்டறையில் வேலை செய்யும் அவளுடைய ஒரே மகன் சின்னராசுவுக்கு விபத்து. நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். நாளைக்குக் காலையில் ஆபரேஷன். எட்டாயிரம் ரூபாயைத் தந்தி டிரான்ஸ்பரில், தாதர் கிளைக்கு, டாக்டர் பெயருக்கு உடனே அனுப்பவும். ஆஸ்பத்திரியின் பெயரும் டாக்டரின் பெயரும் தெளிவாக இருந்தன.

பாஞ்சாலியின் பாஸ் புக்கில் எட்டாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய் இருந்தது. மகள் ஆதிலட்சுமியின் கல்யாணத்துக்கென்று ஏழு போகம் நெல் விற்றுச் சேர்த்த பணம். வைகாசியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. பணம் போனால் கல்யாணம் நிற்கும். பணம் போகாவிட்டால் மகன் போய்விடுவான். அந்த அம்மாள் அதில் ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை.

"மொத்தத்தையும் அனுப்பிடு சார். எம்புள்ள உசுரோட கீறானா இல்லையான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

பாங்க் கவுண்டர் இரண்டு மணிக்கு மூடும். அதற்குள் அனுப்பினால்தான் நாளைக் காலையில் தாதரில் பணம் எடுக்க முடியும். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது. இத்தனைக்கும் நடுவில் மேனேஜர் எங்களை எதற்குக் கூப்பிட்டார் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அனுப்பித் தொலைக்க வேண்டியதுதானே என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன்.

அவர் எங்களைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப்போய்த் தணிந்த குரலில் விளக்கினார். தந்தி டிரான்ஸ்பரில் பணம் ரயில் ஏறிப் போவதில்லை. இங்கே அந்த அம்மாள் கணக்கில் கழிப்பார்கள். 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று அந்தக் கிளைக்கு ஒரு தந்தி போகும். அங்கே அவர்கள் கையிருப்பிலிருந்து கொடுத்துவிடுவார்கள். கடுதாசியில் ஊர்ஜிதம் பின்னால் சாவகாசமாகப் போகும். எவனாவது போக்கிரி பாங்க் பெயரில் பொய்த் தந்தி அடித்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு தந்தியிலும் ஒரு ரகசிய எண் சேர்ப்பார்கள். தேதி, தொகை இதையெல்லாம் வைத்து, மேனேஜர் பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கிற புத்தகத்தைப் பார்த்துப் போடுகிற எண். அங்கே இருக்கிற மேனேஜரும் அதே புத்தகத்தைப் பார்த்துக் கூட்டிப்பார்ப்பார். எண் பொருந்தவில்லையென்றால் ஒரு நயா பைசா பெயராது.

"அப்ப பத்திரம்தானே சார்?" என்றேன்.

"பாங்க் தந்தி பத்திரம்," என்றார் தாமோதரன் சார். "பாங்குக்குப் போற தந்தியில எண் இருக்கு. இந்தம்மா வீட்டுக்கு வந்த தந்தியில எந்த எண் இருக்கு? பம்பாயில ஆறு ரூபா வெச்சிருக்கிற எவன் வேணும்னாலும் யார் பேர்ல வேணும்னாலும் தந்தி கொடுக்கலாம். கவுண்டர்ல நீ யாருன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நானே இருபத்திரண்டு வருஷம் கேட்டதில்ல."

கொடுத்துவிட்ட பணத்தைத் திருப்ப முடியுமா என்று கேட்டேன். வாங்குகிறவன் கைக்குப் போகிற வரைக்கும் நிறுத்தலாம், போன பிறகு எல்லாரும் உட்கார்ந்து அழலாம் என்றார் மேனேஜர்.

சார் தந்தியைக் கேட்டு வாங்கினார். இம்முறை அந்த அம்மாள் பிடுங்காமல் இருந்தாள். முத்திரை உத்திரமேரூர் தபாலாபீசுடையது, அனுப்பிய ஆபீஸ் பம்பாய் என்று மேலே இருந்தது, நேரமும் சரியாக இருந்தது, எழுத்தும் உள்ளூர் ஆபீசின் எழுத்துதான். தந்தி நிஜமாகவே பம்பாயிலிருந்து வந்தது என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அப்படியானால் அந்தப் பையன் நிஜமாகவே அங்கே கிடக்கிறான், நாங்கள் இங்கே முத்திரை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

பிறகு அவர் பாஸ் புக்கைப் பிரித்தார். தந்தியை அதன் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்த்து, இரண்டையும் சேர்த்துப் படி என்றார். படித்தேன். எட்டாயிரம் கேட்டிருக்கிறார்கள், எட்டாயிரத்து இருநூற்றுப் பத்து இருக்கிறது. அதில் என்ன?

"பம்பாய் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் செலவை, சாலவாக்கம் பாஸ் புக்கைப் பார்த்தாடா போடுறாங்க?"

மகன் சொல்லியிருப்பான் என்றேன். நினைவில்லாமல் கிடக்கிறவன் எப்படிச் சொன்னான் என்று கேட்டார். அந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கெல்லாம் தெரியும் என்று மேனேஜரைக் கேட்டார். பாங்கைத் தவிர்த்தால் அம்மா, பாஸ் புக் படித்துச் சொல்லும் தம்பி, பொங்கலுக்கு வந்துபோன மகன், இந்த மூன்று பேர்தான் என்று பதில் வந்தது.

ஆஸ்பத்திரிக்கே டிரங்க் கால் போட்டுக் கேட்டுவிடுவோம் என்று பதிவு செய்தோம். எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண், பம்பாய் லைன் காலையிலிருந்தே மோசம், கிடைத்தாலும் சாயங்காலம் ஆகிவிடும் என்றாள். மணி பன்னிரண்டரை. பாஞ்சாலி இப்போது அழவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மணி பார்க்கத் தெரியாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. பெரிய முள் நகரும்போதெல்லாம் அவள் உதடு அசைந்தது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. பத்தாவது ஜோக் தொண்டையிலேயே செத்துப்போனது.

நான் சாரை ஓரம் கட்டினேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய்யா இருந்தா பணம்தானே சார் போகும். மெய்யா இருந்தா உசுரு. நாம நிறுத்தி வெச்சி அவன் செத்துட்டா, இந்தம்மா மூஞ்சில எப்படி முழிப்பீங்க?" என்று கேட்டேன். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவருக்கும் பயம் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

ஒரு மணிக்கு அவர் நேராகப் போய் அந்த அம்மாளின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பணத்தை இப்போதே அனுப்பிவிடலாம் என்றார். பாஞ்சாலி அவர் காலைத் தொடப் போனாள். ஒரே ஒரு மாற்றம் என்றார் சார். டாக்டர் என்று ஒரு தனி ஆளின் பெயருக்கு வேண்டாம். ஆஸ்பத்திரி சூப்பரிண்டெண்டு பெயருக்கு, 'சின்னராசுவின் சிகிச்சைக்காக' என்று அனுப்புவோம். பையன் அங்கே இருந்தால் பணம் அவனுக்கே ஆகும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி அந்தப் பணத்தைத் தொடாது, முழுசாகத் திரும்பி வந்துவிடும்.

எவ்வளவு சுளுவான வழி பாருங்கள். ஒன்றரை மணி நேரமாக அனுப்புவதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அனுப்புவதில் ஒரு தப்பும் இல்லை, யார் கைக்கு என்பதில்தான் சூட்சுமம் இருந்தது.

டாக்டர் கையில் போனால் சட்டென்று வேலை ஆகுமே என்று வரதன் ஒரு வார்த்தை சொன்னான். நியாயமான பேச்சுதான். மேனேஜர், ஆஸ்பத்திரிப் பெயருக்குப் போவதும் அதே நேரத்தில் போய்விடும் என்றதும் சரி சரி என்று தலையாட்டிவிட்டான். பாஞ்சாலி பெருவிரல் வைத்தாள். மேனேஜர் பெட்டகத்தைத் திறந்து புத்தகத்தை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண் போட்டார். ஒன்று இருபத்தைந்துக்குத் தந்தி வாசகம் பியூன் கையில் தபாலாபீசுக்குப் போனது.

"வா," என்றார் சார் என்னிடம். "நாமளும் போலாம்."

வழியில் காரணம் சொன்னார். பணம் பெயர் மாறிப் போனது அந்த அறையில் இருந்த எங்கள் ஐந்து பேருக்கும்தான் தெரியும். தந்தி மெய்யாக இருந்தால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பொய்யாக இருந்தால், நாளைக் காலையில் டாக்டர் வேஷத்தில் தாதர் பாங்கில் நிற்கப் போகிறவனுக்கு யாராவது சேதி சொல்லியாக வேண்டும். அதற்கு இந்த ஊரில் ஒரே ஒரு கவுண்டர்தான் இருக்கிறது.

"யாரும் வரலன்னா?"

"வரலன்னா பையன் நிஜமாவே ஆஸ்பத்திரியில கிடக்கான். ஒன்றரை மணி நேரத்தை நான் வீணாக்கியிருக்கேன்."

தபாலாபீசில் தந்திக் கவுண்டரைப் பார்ப்பவர் பாக்கியமேரி அம்மாள். சாரிடம் வேலை கற்றவர். ஆனாலும் சார் வாயைத் திறக்குமுன்பே, அடுத்தவர் தந்தியில் இருப்பதைக் கலெக்டரே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கேட்கப் போவதில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம் என்றார் சார். உட்கார்ந்தோம்.

ஒருவர் மணியார்டர் கட்டிவிட்டுப் போனார். ஒருவர் இன்லண்டு லெட்டர் வாங்கினார். வாசலில் நிழல் விழும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்த்தேன். வரதன் வருவான் என்று நான் மனசுக்குள் பந்தயம் கட்டியிருந்தேன். வந்துவிட வேண்டுமே, யாராவது வந்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். திருடன் வர வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

ஒன்று ஐம்பதுக்கு வாசலில் நிழல் விழுந்தது. உள்ளே வந்தது பாஞ்சாலி.

சார் எழுந்து நின்றுவிட்டார். அவள் எங்களைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்து, மடித்து வைத்திருந்த காகிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க இங்கதான் கீறீங்களா நைனா? இத்த அந்தம்மாகிட்ட குடுத்துடு. எந்தம்பி எழுதிக் குடுத்துச்சி. பணம் வர்துன்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லணுமாம்."

வரதன் ஏன் வரவில்லை என்று கேட்டேன். டீ குடிக்கப் போயிருக்கிறானாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லையாம் பாவம்.

நான் காகிதத்தைத் தொடவில்லை. தொடலாமா என்று தெரியாமல் பாக்கியமேரியைப் பார்த்தேன். அவர் கம்பிக்குப் பின்னாலிருந்து நிதானமாகச் சொன்னார்.

"அனுப்புறவங்க நீங்கதாம்மா. படிக்கத் தெரியலன்னா நீங்க யாரைக் கேட்டும் படிக்கச் சொல்லலாம். உங்க இஷ்டம் அது."

"அப்ப நீயே படி நைனா," என்றாள் பாஞ்சாலி.

படித்தேன். இங்கிலீஷில் மூன்று வரி. என் இங்கிலீஷ் அரைகுறைதான், ஆனால் அந்த மூன்று வரிக்குப் போதுமாக இருந்தது. பணம் ஆஸ்பத்திரி பெயருக்கு மாறிவிட்டது. பாங்குக்குப் போகாதே. வேறு காரணம் சொல்லி உடனே இன்னொரு தந்தி கொடு. அதன் பிறகுதான் மேலே இருந்த விலாசத்தைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி இல்லை, டாக்டர் இல்லை. சின்னராசு, அறை எண் பதினாலு, தாதரில் ஒரு லாட்ஜ்.

நினைவில்லாமல் கிடக்கிறவனுக்கு அவனுடைய அறை விலாசத்துக்கே தந்தி.

நான் காகிதத்தை சாரிடம் கொடுத்துவிட்டேன். அதைச் சொல்கிற வேலை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. பாஞ்சாலி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா சார் எழுதிகீது? எம்புள்ளைக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்லம்மா. உன் பையன் நல்லா இருக்கான். ஆஸ்பத்திரியில இல்ல, அவன் அறையிலதான் இருக்கான்."

அவள் ஓவென்று அழுதுகொண்டே சிரித்தாள். கம்பி வழியாகக் கையை விட்டு பாக்கியமேரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தோணியார் கோவிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கித் தருகிறேன், நீயே ஏற்றிவிடு என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம். அப்புறம் அவள் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது.

"அப்ப அந்தத் தந்தி யாரு சார் குடுத்தது?"

சார் எதையும் மறைக்கவில்லை. மூன்று வரியையும் தமிழில் படித்தார், விலாசத்தையும் படித்தார். பாஞ்சாலி பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல் பேசினாள். பொங்கலுக்கு வந்தபோது துபாய் ஏஜெண்டுக்குக் கட்ட எட்டாயிரம் கேட்டானாம். தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அடுத்த போகத்தில் தருகிறேன் என்றாளாம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டானாம்.

சார் என்னைப் பாங்குக்கு விரட்டினார். கவுண்டர் மூட மூன்று நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். மேனேஜர் நிறுத்தல் தந்தியை, மறுபடியும் அந்த ரகசிய எண்ணோடு எழுதிக் கொடுத்தார். நாளைக் காலையில்தான் அங்கே பணம் கொடுப்பார்கள், அதற்கு முன் இது போய்விடும், ஒரு பைசா போகாது என்றார். திரும்பும்போது டீக்கடையில் வரதனைப் பிடித்தேன். ஓடக்கூட இல்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சின்னராசு கெஞ்சிக் கேட்டானாம். அக்காவுக்கு ஒன்றும் ஆகாது, ரெண்டு நாளைக்குப் பயப்படுவாள், பிழைத்துவிட்டேன் என்று மறு தந்தி வந்தால் சரியாகிவிடுவாள் என்று இரண்டு பேரும் நினைத்தார்களாம். அவனை அறைய வேண்டும் என்று கை பரபரத்தது. அக்காவே அறையட்டும் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

பாஞ்சாலி அறையவில்லை. அவனைப் பார்க்கக்கூட இல்லை. கவுண்டர் முன்னால் எழுந்து நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், பம்பாய்க்கு ஒரு தந்தி எழுதிக் குடு. அதே லாட்ஜுக்கு."

சார் தாளை எடுத்தார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டார்.

"அம்மா பேச்சு மூச்சில்லாம கீறா, ஒடனே கெளம்பி வான்னு எழுது."

சாரின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. "பொய்யாச்சேம்மா."

"மெய்தான் சார். காத்தால எட்டு மணியிலேர்ந்து அப்டித்தான் கீறேன்."

வரதன் முன்னால் வந்து அவள் கையைப் பிடித்தான். "வாணாம் அக்கா. அவன் துடிச்சிப் பூடுவான்."

பாஞ்சாலி கையை விடுவித்துக்கொண்டாள். "வரட்டும். ரெண்டு நாளைக்கு ரயில்ல குந்திகினு, நான் கீறேனா பூட்டேனான்னு நெனச்சிகினே வரட்டும்."

சார் எழுதினார். பாக்கியமேரி வார்த்தைகளை எண்ணிவிட்டு, சாதாரணமா எக்ஸ்பிரஸா, எக்ஸ்பிரஸ் என்றால் இரண்டு மடங்கு ஆகும் என்று கேட்டார்.

"எது சுருக்கா போவுமோ அதுல போடும்மா," என்று சொல்லி, பாஞ்சாலி முடிச்சிலிருந்த சில்லறையைக் கம்பிக்குள் தள்ளினாள்.